தோல் என்றால் கேடயம்



நினைவுப் பேருரை என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவது நம் அரங்கத்தின் வழக்கம். இந்த ஆண்டு ஒரு கைத்தொழிலைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். கையால் செய்யப்படும் ஆயுதமும் கவசமும்தான் அந்தத் தொழில். போருக்குப் போகிற ஆயுதத்தைவிட, சாமிக்கு முன்னால் நட்டு வைக்கிற, பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் குத்தி நிறுத்துகிற அலங்கார ஆயுதத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறோம். ஒடுக்கப்பட்டவர்களின் அரங்கத்தில் இதைப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நிறையவே இருக்கிறது என்பதுதான் எங்கள் வாதம்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணுக்குத் தெரிவது வானம்பார்த்த பூமி. பாதி கரிசல், பாதி செவல். ஓடுகிற ஆறு என்று சொல்ல குண்டாறு ஒன்று உண்டு. ஆண்டில் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடும். அந்த மணலையும் இப்போது விட்டுவைப்பதில்லை. இந்த நிலத்தின் ஓரங்களில், கண்மாய்க் கரைகளில், கருப்பசாமியும் அய்யனாரும் முனியாண்டியும் நிற்கிறார்கள். மாசி மாதத்துச் சிவராத்திரிக்கு, திருப்பூரிலும் சென்னையிலும் பிழைக்கிற குடும்பங்கள்கூட வேன் பிடித்துக் குலசாமி கும்பிட வந்துசேர்கின்றன. நேர்ந்துகொண்டவர்கள் அரிவாள் கொண்டுவருவார்கள். முழங்கை நீளத்தில் தொடங்கி, ஆள் உயரத்துக்கு மேலேயும் அரிவாள் உண்டு. சாமியாடி அரிவாள்மேல் ஏறி நின்று குறி சொல்வார். பூசை முடிந்ததும் அரிவாள்கள் அங்கேயே நடப்பட்டு, மழையிலும் வெயிலிலும் துருவேறி நிற்கும். அறுக்கவும் வெட்டவும் பயன்படாத ஆயுதம் அது. ஆனால் இந்த வட்டாரத்தில் பழைய ஆயுதத்தொழில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த அரிவாள்களுக்குப் பேர்போன ஊர் சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சேத்தி. நம் வட்டாரத்தின் வடகிழக்கு எல்லையைத் தாண்டினால் அதிக தூரமில்லை. நம் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளிலும் செய்வார்கள். ஆனாலும் நேர்த்திக்கடன் அரிவாள் என்றால் திருப்பாச்சேத்திக்குப் போகிறவர்களே அதிகம். இரும்பு எங்கிருந்து வருகிறது? பழைய லாரியின் வில்பட்டையிலிருந்து. நெடுஞ்சாலையில் பாரம் சுமந்து தேய்ந்த பட்டையை வாங்கி, வெட்டி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டுகிறார்கள். ஒருவர் குறட்டால் பிடித்துத் திருப்பிக் கொடுக்க, எதிரில் நிற்பவர் சம்மட்டி போடுவார். சம்மட்டி போடுகிற கை பல பட்டறைகளில் மனைவியுடைய கை. இது ஏனோ எழுதப்படுவதில்லை. வளைவு வந்ததும் விளிம்பை மெலிதாக்கி, அரம் போட்டு, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். இந்தத் தோய்ச்சலில்தான் தொழிலாளியின் கண் தெரியும். சிவப்பு எந்தச் சாயலுக்கு வந்தபோது எடுத்தால் வாய் நிற்கும், எப்போது எடுத்தால் நொறுங்கும் என்பது தராசில் நிறுத்துச் சொல்கிற கணக்கில்லை. சாமிக்கான அரிவாளுக்குத் தோய்ச்சல் தேவையே இல்லை. ஆனாலும் சாமிக்குக் கொடுப்பது பொய்யாயுதமாக இருக்கக்கூடாது என்பதற்காக அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உலைக்குக் கரி வேண்டும். நம் தாலுகாக்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பற்றி ஆயிரம் புலம்பல் உண்டு. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கே கூலிக்குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த மரமும் கரிமூட்டமும்தான். முள்வெட்டி, அடுக்கி, மண்பூசி, புகையில் இரவுபகலாகக் காவலிருந்து கரி எடுப்பவர்களில் பெரும்பகுதி நம் சேரிகளைச் சேர்ந்தவர்கள். உலையின் நெருப்பு அங்கிருந்து வருகிறது. நெருப்பை ஊதுவது எது என்ற கேள்வியில்தான் இந்த உரையின் மையம் இருக்கிறது.

மின்சாரப் புளோயர் வருவதற்கு முன்பு, கையால் சுற்றும் விசிறி வருவதற்கும் முன்பு, உலையை ஊதியது துருத்தி. துருத்தி என்பது தோல்பை. காற்றுக் கசியாமல் தைத்த, மடிந்து விரிகிற, எண்ணெய் ஊட்டி மென்மையாக்கிய தோல்பை. அதைத் தைத்துக் கொடுத்தவர் தோல்வேலை செய்த அருந்ததியர். துருத்தி கிழிந்தால் பட்டறை நிற்கும். பட்டறை நின்றால் கலப்பைக் கொழுவும் இல்லை, அரிவாளும் இல்லை, பாளையக்காரரின் வாளும் இல்லை. ஆயுதத்தொழிலின் வரலாறு என்று எழுதப்பட்டவை கொல்லரோடு நின்றுவிடுகின்றன. கொல்லருக்குப் பின்னால் துருத்தி தைத்தவர் ஒருவர் இருந்தார் என்பது அவற்றில் வருவதில்லை.

துருத்தியோடு முடிந்துவிடவும் இல்லை. சங்க இலக்கியத்தில் கேடயத்துக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'தோல்'. தோலால் செய்யப்பட்டதால் தோல் என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் கிடுகு, கேடகம், பரிசை என்று வேறு சொற்கள் முன்னுக்கு வந்தன. தமிழில் கவசத்தின் வரலாற்றை எழுதுகிறவர் முதலில் இந்தச் சொல்லைத்தான் எடுத்து வைக்கவேண்டும். வேல், வாள் என்ற சொற்கள் எழுப்புகிற பெருமிதம் 'தோல்' என்ற சொல்லில் இன்று எழுவதில்லை. காரணம் நமக்குத் தெரியும்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு பலருக்குப் பாடப்புத்தகத்திலேயே அறிமுகம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்த்துப் பேசுவதாக உள்ள பாட்டு. உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் பொருள். அலங்கார ஆயுதத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விமர்சனம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். புகழ்வதுபோல் இகழ்ந்தாள் என்று ஆசிரியர்கள் சொல்லித்தருவார்கள். நமக்கு அதில் வேறொன்றும் படுகிறது. இரண்டு அரசர்களுக்கு நடுவில் கொல்லனின் பட்டறை ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்துபோகிறது. முறிந்த ஆயுதம் அங்கே போய்த்தான் ஆகவேண்டும்.

அதே நூலின் 82ஆம் பாட்டைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு வீரனின் மற்போரின் வேகத்தைச் சொல்ல அவர் தேடிப்பிடித்த உவமை, கட்டிலுக்கு வார் பின்னுகிற தொழிலாளியின் கை. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை இறங்குகிறது, பொழுதும் சாய்கிறது; அந்த அவசரத்தில் அவன் கை ஊசி ஓட்டுகிற வேகம்தான் வீரனின் வேகம். தோல்வாரின் நுட்பம் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கப்பட்ட இன்னொரு இடம் நம் பழைய இலக்கியத்தில் எளிதில் கிடைக்காது. ஆனால் அந்தத் தொழிலாளிக்கு அந்தப் பாட்டு தருகிற பெயர் 'இழிசினன்'. திறமையை எடுத்துக்கொண்டு பெயரில் இழிவைச் சேர்ப்பது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை என்பதற்குச் சான்றாக இதை வைத்துக்கொள்ளலாம். 50ஆம் பாட்டில், முரசுகட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேரமன்னன் கவரி வீசினான். முரசுக்கு மாலை சூட்டி வழிபட்டார்கள் என்பதும் அங்கே தெரிகிறது. முரசுக்குத் தோல் போர்த்தியவனுக்கு யாரும் விசிறியதாகப் பாட்டில்லை.

நம்மைப் போன்ற வெப்பநாட்டில் முழு உலோகக் கவசம் பெரும்பாலும் அரசர்களுக்கும் அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்குமே உரியது. சாதாரணப் படையாளுக்குப் பாதுகாப்பு தோலும் துணியும்தான். பஞ்சு திணித்துத் தைத்த அங்கியும் தலைப்பாகையும் திப்புவின் காலம்வரை புழக்கத்தில் இருந்தன. கேடயம் என்றால் எருமைத்தோல். வாளுறை என்றால் மரப்பட்டைமேல் இழுத்துத் தைத்த தோல். கச்சை, சேணம், கடிவாளம், மருந்துப்பை, கால்செருப்பு, போர்ப்பறை எல்லாமே தோல். ஒரு படையின் எடையை இரும்பு ஒரு தட்டிலும் தோல் ஒரு தட்டிலுமாக நிறுத்தால் எது கீழே இறங்கும் என்று உறுதியாகச் சொல்லமுடியாது.

பச்சைத்தோல் கேடயமாக மாறுவதற்கு நடுவே கடும் உழைப்பு இருக்கிறது. செத்த மாட்டை ஊரிலிருந்து தூக்கி வந்து உரிப்பதில் தொடங்கும். சதை சுரண்டி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, அலசி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்கணக்கில் கிடத்தி, எடுத்து, எண்ணெய் ஊட்டி, இழுத்துக் கட்டி உலர்த்தவேண்டும். நம் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை, பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற செடியாக மட்டும் நமக்குத் தெரிகிறது. தோல் பதனிடுதலின் அடிப்படைச் சரக்கு அதன் பட்டை. அதை வெட்டி, இடித்து, சுமந்து வந்ததில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு. தொழிலின் நாற்றம் அவர்கள் உடம்போடு ஒட்டவைக்கப்பட்டது. தொழிலின் அறிவு அவர்களோடு ஒட்டவைக்கப்படவில்லை. வேதியியல் துறையில் படிக்கிற மாணவர்கள் இங்கே இருந்தால், ஒரு பச்சைத்தோல் அழுகாமல் பல ஆண்டு நிற்கும்படி செய்வதற்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லருக்கும் தோல்தொழிலாளிக்கும் களத்தில் நெல்லோ கம்போ சோளமோ அளந்தார்கள். ஊர்த்தொழிலாளிகள் என்ற வகையில் இருவருக்கும் அறுவடையில் பங்கு இருந்தது. இடங்கைச் சாதிகளின் பழைய பட்டியல்களில் கம்மாளர் பெயரும் வருகிறது, சக்கிலியர் பெயரும் வருகிறது. ஆனால் ஒரே பட்டியலில் இருந்தவர்கள் ஒரே தெருவில் இருக்கவில்லை. கம்மாளர் பூணூல் அணிந்து பிராமணர்க்குச் சமமான தகுதி கோரினார்கள். 1818இல் சித்தூர் அதாலத் வழக்கில் அந்தக் கோரிக்கை நீதிமன்றம்வரை போனது. கம்மாளர்மீது குற்றம் சுமத்துவது எங்கள் நோக்கமில்லை; அவர்களும் கைத்தொழிலை மட்டமாக நினைத்த சமூகத்தோடு மல்லுக்கட்டியவர்கள்தான். ஆனால் அந்த மல்லுக்கட்டில், துருத்தி தைத்தவனைத் தோளோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை ஒரு பட்டறைக்குள்ளேயே இருந்தது.

இனி ஆயுதம் எப்படி அலங்காரமானது என்பதற்கு வருவோம். இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு தேதியே உண்டு. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதையடுத்து டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. சின்னமருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ், அதே மருதுவுக்கு எதிரான படையில் இருந்தவர். அந்த நூல் 1830இல் லண்டனில் வெளியானது. தூக்குமேடைக்கும் நூலுக்கும் நடுவே வளரி ஒரு விசித்திரப் பொருளாகிவிட்டது.

தஞ்சை அரண்மனையின் ஆயுதக்கிடங்குக்கு நேர்ந்ததும் இதுதான். 1855இல் அரசு கம்பெனியின் கைக்குப் போனபிறகு, அங்கே குவிந்திருந்த வாள், கட்டாரி, ஈட்டிகளில் நல்லதாகப் பட்டவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியை 1860களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878இல் இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். யானைத்தந்தத்தில் செய்த வளரிகள் தஞ்சையிலிருந்து சென்னைக்கு வந்தன. தந்த வளரியை யாரும் எறிந்திருக்க மாட்டார்கள். தொண்டைமானின் மயில்பீலி ஆயுதத்தின் தம்பி அது. அருங்காட்சியகங்களில் இரும்பும் தந்தமும் வெள்ளிப்பூணும் நிலைத்தன. தோல் மக்கிப்போனது. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயாவும் தோண்டியெடுத்த இரும்பு வாள்களும் ஈட்டிகளும் இன்றும் இருக்கின்றன. சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழகத்தில் இரும்பின் காலம் கி.மு. 3345வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது நாமும் மகிழ்ந்தோம். ஆனால் தொல்லியல் இரும்பைத் தேடிக் கண்டெடுக்கும். தோலைக் கண்டெடுப்பது அரிது. மக்கிப்போகிற பொருளைச் செய்தவர்களின் வரலாறும் மக்கிப்போகிறது. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் இலக்கியமும் கல்வெட்டும் வழக்காறும் மிச்சமிருக்கும்போது அவற்றிலும் தேடாமல் விட்டதைத் தற்செயல் என்று சொல்லமுடியாது.

ஆயுதம் பறிக்கப்பட்டபிறகு கொல்லர் கொழுவும் மண்வெட்டியும் அடித்தார். 1878இன் ஆயுதச் சட்டம் கெடுபிடியை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் 1959 சட்டமும் அதன் 1962 விதிகளும், வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கருவிகளை விட்டுவிட்டு, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்விளிம்பை ஆயுதமாகக் கணக்கிட்டன. ஆறடி அரிவாள் இந்த அளவுகோலுக்கு எங்கே நிற்கும்? சாமிக்கு என்றால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. சாமி ஆயுதக்கிடங்கின் கடைசிக் காவலாளி ஆனது இப்படித்தான். கவசம் என்ற சொல்லும் சாமியிடமே போய்ச்சேர்ந்தது. இன்று வெள்ளிக்கவசம் சார்த்துவது கோயில் மூலவருக்கு. கவசம் பாடுவது முருகனுக்கு. மனிதர் உடம்பிலிருந்து அது இறங்கி இருநூறு ஆண்டுக்கு மேலாகிறது.

தோல்தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? கேடயம் போனபிறகு கமலை இருந்தது. சாலின் அடியில் தைத்த தோல்வால் இல்லாமல் கிணற்றுநீர் வாய்க்காலுக்கு ஏறாது. பம்புசெட் வந்து கமலையை ஒழித்தது; ரப்பரும் பிளாஸ்டிக்கும் வந்து செருப்பை எடுத்துக்கொண்டன. தோல் ஏற்றுமதிச் சரக்கானபோது லாபம் தோல்மண்டிக்காரருக்கும் வெளியூர்த் தொழிற்சாலைகளுக்கும் போனது. தோல்வேலை தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு நகராட்சிகள் துடைப்பத்தைக் கொடுத்தன. ஒரு நுட்பமான தொழிலைச் செய்த சமூகம், நுட்பமே தேவைப்படாததாகக் கருதப்பட்ட, உயிருக்கே ஆபத்தான வேலைக்குள் தள்ளப்பட்டதுதான் நவீனம் நமக்குத் தந்தது.

ஒண்டிவீரன் கதையை இந்த வெளிச்சத்தில் மறுபடி கேட்கவேண்டும். நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் படைத்தளபதி என்று வழக்காறு அவரைக் கொண்டாடுகிறது. எதிரியின் முகாமுக்குள் தனியாகப் போய்ப் பட்டத்துக் குதிரையையும் வாளையும் கொண்டுவந்தார்; ஒளிந்திருந்தபோது கையில் முளை இறங்கியும் சத்தம் போடாமல், கையையே வெட்டிக்கொண்டு வந்தார் என்பது கதை. அவர் முகாமுக்குள் எப்படி நுழைந்தார் என்பதற்குக் கதை சொல்லும் பதில்: செருப்பும் சேணமும் தைக்கிற தொழிலாளியாக. எந்தப் படைமுகாமும் தோல்தொழிலாளி இல்லாமல் இரண்டு நாள் நிற்காது என்று தெரிந்த மக்கள் கட்டிய கதை அது. 2022 ஆகஸ்ட் 20இல் ஒன்றிய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சந்தோஷம்தான். ஆனால் வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊசியையும் வாரையும் கதையிலிருந்து கழற்றிவிடுகிற போக்கு நம் மேடைகளிலேயே தொடங்கிவிட்டது. கதையின் அறிவே அந்த ஊசியில்தான் இருக்கிறது.

பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை. முத்துப்பட்டன் என்ற பிராமணன் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை மணக்க விரும்பினான். பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுவந்தால் பெண் தருவேன் என்றார் அவர்களின் தகப்பனார். அவன் அப்படியே செய்தான். மாடுபிடிக்க வந்தவர்களோடு போரிட்டுச் செத்தான் என்பது கதைப்பாடல். நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கும் அரிவாளோடு செருப்பும் காணிக்கையாகிறது. தோலைத் தீட்டு என்று ஒதுக்கிய ஊர், சாமியின் காலுக்கு அதே தோலைத்தான் கொண்டுபோய் வைக்கிறது. அரிவாளும் செருப்பும் ஒரே சன்னிதியில் கிடப்பது எங்களுக்கு ஒரு ஆவணமாகவே தெரிகிறது. ஆயுதத்தொழிலின் இரண்டு பாதிகளும் அங்கேதான் சேர்ந்திருக்கின்றன.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதில்லை என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். சாமுராய்க் கவசங்களை உலகமே வியக்கிறது. அரக்குப் பூசிய சிறு தகடுகளைக் கோத்துக் கட்டிய அந்தக் கவசத்தில் தோலின் பங்கு பெரிது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரபுக்கள் தோல்தொழிலாளிகளைத் தங்கள் கோட்டைகளுக்கு அருகிலேயே குடியேற்றி, தோல் கொடுக்கக் கட்டாயப்படுத்தினார்கள். போர் ஓய்ந்த எடோ காலத்தில் அவர்களைத் தீண்டத்தகாதவர்களாகச் சட்டம்போட்டே ஒதுக்கினார்கள். 1871இல் ஜப்பானிய அரசு அந்த இழிபெயர்களை ஆணை போட்டு நீக்கியது. (அதே 1871இல் இங்கே வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது.) ஆணையால் இழிவு போகவில்லை, 1922 மார்ச் 3இல் கியோட்டோவில் அந்த மக்கள் கூடிச் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ அமைப்பைத் தொடங்கினார்கள். புராக்குமின் என்று அறியப்படும் அவர்கள், தோல்தொழிலையும் பறைத்தொழிலையும் தங்கள் சொந்த வரலாறாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். தளபதிகளை மட்டும் தேடவில்லை.

தளபதிகளைத் தேடுவது தவறென்று சொல்லவரவில்லை. ஏன் தேடவேண்டியிருக்கிறது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த நம் மாவட்டத்துக்குக் காமராசர் பெயர் இருந்தது. 1997 மே மாதத்தில் இங்கே தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டது. தேவேந்திரகுலத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். கல்வீச்சும் கலவரமும் தென்மாவட்டங்களில் பரவின. அதே ஆண்டு ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயர் தகரத்தில் இருப்பதைக்கூடப் பொறுக்கமுடியாமல், காமராசர் பெயரையும் சேர்த்துத் துடைத்தார்கள். அந்த ஜூன் 30இல்தான் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக்கொல்லப்பட்டார்கள்.

எனவே, நாமும் வாளெடுத்தவர்கள் என்று சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மகர் படையினர் அதைச் சொன்னார்கள். 1890களில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டின்படி மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியபோது, கோபால் பாபா வலங்கர் 1894இல் விண்ணப்பம் எழுதினார். 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் கோரேகான் தூணுக்குப் போய் நின்றார். சென்னைப் படையின் சாப்பர்ஸ் பிரிவில் பறையர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். அங்கேயும் பின்னாளில் அதே கோட்பாடு வேலைசெய்தது. படை என்பது சம்பளம், படிப்பு, ஓய்வூதியம். சேரியைவிட்டு வெளியேறும் வழி. அம்பேத்கரின் தகப்பனாரே படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அது வேறு. ஆனால் குருபூசைக்குக் குருபூசை எல்லாச் சாதிகளும் வாளும் சிங்கமும் போட்டு அச்சடிக்கிற ஆண்டபரம்பரைப் பதாகைக்குப் பக்கத்தில் நம்முடையதும் ஒன்று நிற்கவேண்டும் என்பது வேறு. அந்தப் பதாகையை நிறுத்தும்போது, ஆயுதம் பிடித்தவனே மனிதன், செய்தவன் வேலைக்காரன் என்ற அளவுகோலுக்கு நாமும் கையெழுத்துப் போடுகிறோம். தோழர்கள் பலர் இதை ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும், விவாதிப்போம்.

அரிவாளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதிலிருந்து அது நம் நினைவில் வேறு பொருளோடு கிடக்கிறது. அதனால் இந்தத் தொழிலைப் பற்றிக் கலைப்பொருள் வியாபாரியின் பூரிப்போடு பேச எங்களால் முடியாது. 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலம் முழுவதும் ஆயுத வேட்டை நடத்தியபோது, வாங்குகிறவர் பெயர், முகவரியை எழுதிவைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னார்கள். வெட்டச் சொல்கிற சாதிக்குப் பதிவேடு கிடையாது. களையரிவாள் அடிக்கிற கொல்லருக்குப் பதிவேடு உண்டு.

தொழிலை அரசுகள் எப்படிப் பார்க்கின்றன என்பதையும் கவனிக்கவேண்டும். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லர், ஆயுதம் செய்பவர், செருப்புத் தைப்பவர் மூவரும் இருக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்குப் பிறகு மூவரும் ஒரே பட்டியலில். ஆனால் 18 வயதிலேயே சேரலாம், குடும்பத்தொழிலாக இருக்கவேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். செருப்புத் தைப்பவரின் மகன் கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில் ஊசிக்குக் கடன் தருகிற திட்டம் எதை நோக்கிப் போகிறது என்று சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு. தமிழக அரசு அதை ஏற்காமல், 35 வயதுக்கு மேற்பட்ட எந்தச் சாதியினரும் சேரலாம் என்று கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய்வரை கடன். வயது நிபந்தனையில் மாநில அரசு செய்தது சரி. ஆனால் தொழிலின் வரலாற்றை எழுதுவதற்கு இரண்டு திட்டத்திலும் ஒரு ரூபாய்கூட இல்லை. தொழிலைத் தொடரச் சொல்வதைவிட, தொழிலை விட்டுவிட்டு அதன் அறிவை எழுதிவைப்பதற்கே நம் பிள்ளைகளுக்கு உதவி வேண்டும்.

துருத்தி தைத்தவர்கள், கமலைக்கு வால் தைத்தவர்கள், ஆவாரம்பட்டைத் தொட்டியில் நின்றவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். தையலுக்கும் வாருக்கும் ஊசிக்கும் அவர்கள் வைத்திருந்த சொற்கள் எந்த அகராதியிலும் முழுதாக இல்லை. நம் அரங்கத்து மாணவர்கள் தெருவுக்கு இருவராகப் பிரிந்து, கைப்பேசியில் பதிவு செய்யலாம். முதலில் பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், அந்தக் கூச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வரும் மாசிச் சிவராத்திரிக்கு வெளியூரில் இருப்பவர்களும் குலசாமி கோயிலுக்கு வந்துவிடுவார்கள். குண்டாற்றுக் கரையில் இரண்டு நாள் தங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.